மூடின தோட்டத்துப் பெரட்டுத் தப்பு

— பூச்சியமா? மகன் அல்பிரட், அந்தக் கடுதாசிய இன்னொருக்கா பாத்துச் செல்லுங்க. மாதோலைத் தோட்டத்துல வேலையில்லாத ஆளு ஒண்ணுகூட இல்லயா?

— ஒண்ணுகூட இல்ல, ரஸாக் நானா. போன மாசம் கணக்கெடுக்க வந்தப்பவும் பூச்சியம், இன்னைக்கும் பூச்சியம். கீழ் லயத்து வீடுகள்ல இருந்து மேல் லயம் வரைக்கும் ஏறி எறங்கினதுல சப்பாத்து வாயப் பொளந்ததுதான் மிச்சம்.

— நான் இந்தத் தெரணியகலை பஸாருல கடை போட்டு நரைச்சுப் போன ஆள். என்ட கண்ணு பொய் செல்லுமா? ரப்பர் வெல தரையில உழுந்த நேரம் மாதோலைய இழுத்து மூடினாங்க. தொர கொழும்புக்குப் போயிட்டாரு. ரப்பர் பால் ஒறைய வைக்கிற கொட்டில்ல இப்ப வௌவால் குடியீக்கி. அங்க இருந்து வாற பொம்பளைகள் முந்தி அரிசி, கருவாடு, தேங்காண்ணை எண்டு கூடை நெறச்சுக்கிட்டுப் போவாங்க. இப்ப உப்புக்கு மட்டும் வாறாங்க. பொறவு எப்படி மகன் வேலையில்லாதவன் இல்லாமப் போற?

— அதைத்தான் நானும் மண்டைய ஒடச்சுக்கிட்டு கேக்குறேன். மொதல் காம்பராவுல ஒரு மனுசன், "வேலையா, கழுத்து மட்டும் கெடக்குங்க ஐயா, நிமிர நேரமில்ல"ன்னு சொல்றாரு. சொல்லும்போதே கொட்டாவி வருது அவருக்கு. பக்கத்துக் காம்பராவுல ஒரு ஆத்தா, மகன் மலைக்கு வேலைக்குப் போயிருக்கான்னு சத்தியம் பண்ணுது. மகனோட காலு ரெண்டும் கதவுக்குப் பின்னால தெரியுது. அப்புறம் அந்தத் தெரேசம்மாக்கா.

— ஆ, தெரேசம்மா. அவ எனா செல்லின?

— வாசலை அடைச்சுக்கிட்டு நின்னாங்க. வேலை இல்லாதவங்க பேரை அரசாங்கம் எழுதச் சொல்லியிருக்குன்னேன். "அப்ப வேலை இருக்கிறவங்க வாசல்ல ஒங்களுக்கு என்ன சோலி"ன்னு கேட்டுட்டு உள்ளே போயி அடுப்பை ஊதினாங்க. அடுப்புல ஒண்ணும் இருந்த மாதிரித் தெரியல நானா. பொகை மட்டும் நல்லா வந்துச்சு.

— அனே, அது பொகைக்காகவே மூட்டிற அடுப்பு மகன். கூரைக்கு மேல பொகை வந்தாத்தானே சோறு பொங்குது எண்டு ஊரு நெனைக்கும்.

— அப்பிடின்னா காலையில அடிக்கிற தப்பு மேளம்? போன மாசம் நான் தோட்டத்து மாதா கோயில் விறாந்தையிலதான் படுத்தேன். விடியல்ல தப்புச் சத்தம் கேட்டு எழும்பிப் பாத்தா, வேலைக்குப் பேர் போடுற பெரட்டுக் களத்துல ஆணும் பொண்ணும் வரிசையா நிக்கிறாங்க. கையில வாளி, இடுப்புல பால் வெட்டுற கத்தி. அந்தக் காட்சியப் பாத்துத்தானே அவங்க சொல்றது உண்மைன்னு நம்பி எழுதினேன். தப்பு அடிக்கிற தோட்டத்துல வேலை இல்லன்னு யாரு நெனைப்பா?

— அந்த வரிசைக்கு முன்னால கணக்கப்புள்ள நிண்டாரா? கங்காணி? பேர் போட ஆராச்சும்?

— மங்கல்ல பாத்தது நானா. முன்னுக்கு யாரு நின்னாங்கன்னு... நான் கவனிக்கல.

— ஒருத்தரும் நிக்கல்ல. அத நான் செல்றன், கேளுங்க. கருப்பாயிட புருஷன்தான் தப்பு அடிக்கிற ஆள். தோட்டம் மூடின மத்த நாளும் வழமை மாதிரி எழும்பி அடிச்சிட்டான், பழக்கம்தானே. எல்லாரும் உடுத்தி வந்து நிண்டிட்டாங்க. வந்தவங்களுக்குத் திரும்பிப் போக வெக்கம். அப்பிடியே மலைக்கு ஏறி, கொஞ்ச நேரம் மரத்தடியில குந்திட்டு, மரவள்ளி கிண்டி, கீரை ஆஞ்சுட்டு, பால் எறக்கிற நேரத்துக்குச் சரியா எறங்கி வந்தாங்க. அண்டையில இருந்து தெனமும் அதுதான். ஆத்துக்கு அந்தப் பக்கம் ஈக்கிற தோட்டக்காரன் காதுல மாதோலைத் தப்பு உழாமப் போகப்படாது எண்டு ஒரு ரோசம்.

— வயித்துல ஒண்ணும் இல்லாம இது என்ன ரோசம் நானா?

— ரோசம் பாதி, பயம் பாதி. வேலையில்ல எண்டு பேர் குடுக்கிறவன அரசாங்கம் சும்மா டிக்கட்டுல தலைமன்னாருக்கு அனுப்பி இந்தியாவுக்குக் கப்பலேத்திற. அவங்கள்ல பாதிப் பேருக்கு அந்தக் கரை எப்பிடி ஈக்கும் எண்டே தெரியா. இந்த லயத்துலதான் பொறந்த, இங்கதான் கல்யாணம் கட்டின, இங்கதான் மையத்து அடக்கின. நீங்க கடுதாசியோட போய் நிண்டா, அவங்களுக்குக் கண்ணுல கப்பல்தான் தெரியும்.

— நானா, நான் எழுதின அந்தப் பூச்சியம் என்ன செஞ்சிச்சுன்னு ஒங்களுக்குத் தெரியுமா? ரப்பர் வெலை மறுபடியும் ஏறுது. கிரிதென்னைத் தோட்டத்துத் தொரை எங்க ஆபீசுக்கு எழுதிக் கேட்டிருந்தாரு, பால் வெட்டத் தெரிஞ்ச ஆளுங்க பக்கத்துல எங்க கெடைப்பாங்கன்னு. ஆபீஸ் என்னோட கணக்கைப் பாத்து, "அந்தப் பகுதியில ஆள் இல்ல"ன்னு பதில் போட்டுச்சு. இப்ப அவரு பதுளைப் பக்கமிருந்து ஆள் எறக்கப் போறாரு. திங்கக்கிழமை லொறி போகுது.

— கிரிதென்னையா? நேத்து நீங்க மழையில போய் வந்த, ஆத்துக்கு அந்தப் பக்கம் ஈக்கிற கிரிதென்னையா? தோணியில ஏறினா வெத்திலை மென்டு துப்பிற நேரம்தானே.

— அதே கிரிதென்னைதான். இன்னைக்கு சனி. நாளைக்குள்ள பேர் கெடைக்கலைன்னா, எங்கேயோ இருக்கிறவங்க இங்க வந்து வெட்டுவாங்க, இங்க இருக்கிறவங்க கப்பல் ஏறுவாங்க. மாதோலை லயத்தைக் காலி பண்ணச் சொல்லி கம்பெனிக் கடிதமும் வந்தாச்சாம்.

— அதையும் அவங்களுக்குச் செல்லின தானே நீங்க?

— தொண்டை தண்ணி வத்தச் சொன்னேன். ஒருத்தரும் நம்பல.

— சரி சரி, சத்தம் போட வாணாம். தெரேசம்மா வாறா, மகளும் இல்ல, தனியத்தான் வாறா. நீங்க அந்தப் பென்சிலை எடுத்துக்கிட்டு மூட்டைக்குப் பக்கத்துல சும்மா குந்துங்க. நான் பேசிக்கொள்றன்... வாங்க தெரேசம்மா, வாங்க. எனா வேணும்?

— ஒரு சுண்டு உப்பு குடுங்க நானா. கல்லு உப்பாப் பாத்து.

— உப்பு மட்டும் போதுமா? நல்ல அரிசி வந்தீக்கி.

— அரிசி வீட்டுல மூட்டையாக் கெடக்குங்க. பூச்சி புடிக்காமப் பாத்துக்கிறதே பெரும்பாடா இருக்கு. அட, கிளாக்கரய்யாவும் இங்கதான் இருக்கீங்களா. காலையில சொன்னது பத்தலைன்னு கடைவாசல்ல மறிச்சுக் கேக்க வந்தீங்களாக்கும்.

— இல்லக்கா. நான் கேக்க வரல. கிரிதென்னையில வேலை இருக்குன்னு சொன்னேனே, அதையாவது ஒருதரம் யோசிச்சுப் பாத்தீங்களா?

— யோசிக்க என்ன இருக்குங்க. போன வருசமும் இதே மாதிரி ஒருத்தரு கோட்டு போட்டுக்கிட்டு வந்தாரு. வேற பக்கம் வேலை இருக்கு, பேரைக் குடுங்கன்னாரு. மேல் லயத்துல பாதி ஆளுங்க வெகுளியா பேரைக் குடுத்தாங்க. எங்க இப்ப அவங்க? கடுதாசி வந்துச்சு, ரயிலு வந்துச்சு, கப்பலு வந்துச்சு. வேலையக் காணோம். அதுல போன எங்க சின்னாத்தா, போற வழியெல்லாம் எங்க மலை எங்க மலைன்னு கேட்டுக்கிட்டே போச்சாம். சூடு கண்ட பூனைங்க நாங்க. எங்க வீட்ல எல்லாருக்கும் வேலை இருக்கு. எழுதிக்கிட்டுப் போயிருங்க.

— தெரேசம்மா செல்லுறதுதான் சரி மகன். எழுத வாணாம். எழுதியும் எனத்துக்கு? கிரிதென்ன தொர மாதோலை ஆக்களை எடுக்கப் போறதும் இல்ல. அவரு செல்லின கதை ஒங்களுக்குத் தெரியும்தானே?

— எந்தக் கதை நானா? தொரை எங்கிட்ட...

— நீங்க சும்மா ஈங்க மகன். அதை இவட முன்னுக்குச் செல்லப்படாது. மனசு நோகும்.

— என்ன நானா சொன்னாரு அந்தத் தொரை?

— வாணாம் புள்ள, உப்பை எடுத்துக்கிட்டுப் போங்க.

— சொல்லுங்க. உப்பு எங்கயும் ஓடாது.

— நீங்க கேட்டதால செல்றன். மாதோலையில பால் வெட்டத் தெரிஞ்ச ஆளே இல்லயாம். பட்டையச் சீவுங்க எண்டா மரத்தையே சீவுவாங்களாம். தோட்டம் மூடினது ரப்பர் வெல உழுந்ததால எண்டு எல்லாரும் நெனைச்சிக்கிட்டு ஈக்கிறாங்களாம், உண்மையில கத்தி புடிக்கத் தெரியாத கையாலதான் மரமெல்லாம் செத்துப் போனதாம். இப்பிடி பஸ்ஸுல ஒருத்தர் செல்லிக்கிட்டுப் போனாரு.

— எங்களையா?

— மாதோலை எண்டுதான் செல்லினாரு.

— எங்க கையையா சொன்னாரு? நானா, அந்தத் தொரைய நாளைக்கே எங்க மலைக்கு வரச் சொல்லுங்க. எம் புருசன் வெட்டின மரம் இன்னும் நிக்குது. அவரு மண்ணுக்குள்ள போயி எத்தனை மழை பெஞ்சிருச்சு, வெட்டின எடத்துல பட்டை ஒரு தழும்பு இல்லாம மூடியிருக்கு, கொழந்தப்புள்ள கன்னம் கணக்கா. தடவிப் பாக்கச் சொல்லுங்க. நான் அவருகிட்டக் கத்தி புடிச்சவ. எங்கிட்டக் கத்தி புடிச்சவ எம் மக கிறேஸ். அவ சீவிப் போடுற பட்டையத் தூக்கி வெயில்ல காட்டினா வெளிச்சம் தெரியும்.

— அது ஒங்கட குடும்பம். ஒரு குடும்பத்தை வச்சுத் தோட்டம் நடக்குமா?

— ஒரு குடும்பமா? அடுத்த காம்பராவுல கருப்பாயி இல்லையா? அவ கண்ணை மூடிக்கிட்டு வெட்டுவா. வெரலால ஒருக்காத் தடவினாப் போதும், நேத்துக் கோடு எங்க நிக்குதுன்னு கை சொல்லிரும்.

— கருப்பாயி வீட்டுல அவங்க மட்டும்தானாக்கா?

— அவ மட்டுமா? அவ புருசன் தப்பும் அடிப்பாரு, மரமும் வெட்டுவாரு. மருமக மர்லின் மாதிரி மழை மோப்பம் புடிக்கிறவ இந்த ஜில்லாவுலயே கெடையாது. மழை வருதுன்னு அவ சொன்னா வானம் நீலமா இருந்தாலும் நாங்க வாளியத் தூக்கிருவோம்.

— ஒங்கட லயத்து அந்தனிக்குக் கை சரியில்ல எண்டு செல்லிக்கொண்டாங்களே.

— எவன் சொன்னான்? சுண்டுவெரலு போச்சு, அம்புட்டுத்தான். கத்திய வெரலா புடிக்குது, மனுசனில்ல புடிக்கிறான். அந்தனியும் அவரு பொஞ்சாதியும் ஒரு மலைக்கு எறங்கினா பின்னால மரத்துல காஞ்சு ஒட்டின ஒட்டுப்பால் பொறுக்கப் போறவங்களுக்கு வேலையே இருக்காது, அவ்வளவு சுத்தம்.

— அந்தனியோட பொஞ்சாதி பேரு?

— ரோசலின். அதுக்கு அந்தப் பக்கம் சூசை, அவரு தங்கச்சி. கோடிக் காம்பராவுல ராக்கன், அவரு ரெண்டு மக்க, மூணு பேரும் பால் சிந்தாம செங்குத்துல எறங்குறதப் பாத்துத்தான் பழைய தொரை தொப்பியக் கழட்டினாரு. கத்தி புடிக்கத் தெரியாத கையாம். கத்தியக் குடுக்கச் சொல்லுங்க அந்தத் தொரைய, எந்த மரத்துல வேணும்னாலும் விடச் சொல்லுங்க, மரமே சொல்லட்டும் நாங்க யாருன்னு. வேலை இல்லாம வருசம் ரெண்டாகப் போகுது, இன்னும் வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை கத்தி தீட்டி எண்ணெய் பூசித்தான் வைக்கிறோம். ஒரு கத்தியில துரு காட்டச் சொல்லுங்க பாப்போம்.

— ராக்கனோட மக்க பேரு ஒருதரம் சொல்லுங்கக்கா.

— ஒருத்தி... கிளாக்கரய்யா. என்ன எழுதுறீங்க?

— நீங்க சொன்னதைத்தான்.

— நானா. அந்தத் தொரை அப்பிடிச் சொல்லவே இல்லதானே?

— அல்லாஹ் மன்னிக்கட்டும். அந்த மனுஷன் மாதோலையப் பத்தி ஒரு வார்த்த பேசல்ல. ஆனா புள்ள, நீங்க வாயத் தொறந்தா கேக்க அழகா ஈந்திச்சு.

— சிரிக்காதீங்க நானா. பேச்சு வாக்குல எங்க ஆளுங்க எல்லாரையும் கப்பல்ல ஏத்திட்டேனே. நாளைக்கு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நான் லயத்துக்குள்ள நடப்பேன்? அய்யா, கிழிங்க அதை. ஒங்க தாயி மேல ஆணை, கிழிச்சுப் போடுங்க.

— கிழிக்கிறேன். ஆனா ஒண்ணைக் கேட்டுட்டுச் சொல்லுங்க. இந்தக் கடுதாசியில கப்பல்னு ஒரு எழுத்துக்கூட இல்ல. நான் நேத்து கிரிதென்னைக்குப் போயி தொரையப் பாத்தேன். போன மாசம் நான் கொண்டாந்த கணக்கு பெசகுன்னு அவரு மூஞ்சிக்கு நேரா சொன்னேன். அவரு நம்பல. "ஆள் இருந்தா நாளன்னைக்குப் பெரட்டுக்குக் கத்தியோட வரட்டும், மரத்துல வெட்டிக் காட்டட்டும். கை நல்லா இருந்தா பதுளை லொறிய நிறுத்துறேன்"னு சொன்னாரு. நாளன்னைக்குன்னா நாளைக்குக் காலையில. அவருக்கு அவசரம், ஞாயித்துக்கிழமையும் பெரட்டு வச்சிருக்காரு.

— அந்தக் கடுதாசி தலைப்புல என்ன போட்டிருக்கு?

— அச்சடிச்ச தாளக்கா. "வேலையற்றோர்"னு போட்டிருக்கு.

— அதான். அதைப் பாத்தா யாரு பேரு குடுப்பா? எங்க மனுசாள் கிட்டப் போயி, ஒங்கிட்ட என்ன இல்லன்னு கேட்டா, எல்லாம் இருக்குன்னுதான் சொல்லுவோம். என்ன இருக்குன்னு கேட்டீங்களா ஒருதரமாவது?

— இல்ல. கேக்கத் தெரியல.

— அந்தத் தலைப்பை வெட்டுங்க.

— வெட்டிட்டேன்.

— பால் வெட்டுறவங்கன்னு போடுங்க. மாதோலைன்னும் போடுங்க.

— "மாதோலைத் தோட்டத்துப் பால் வெட்டுறவங்க." இந்தாங்கக்கா, ஒங்க கையிலயே வச்சுக்குங்க. இது எங்கயும் போகாது. நாளைக்குக் கிரிதென்னையில நீங்களே குடுங்க. மனசில்லன்னா அடுப்புல போடுங்க. அந்த அடுப்பாவது எரியும்.

— கெட்டிக்காரப் பேச்சுதான். நானா, நீங்க என்ன சொல்றீங்க? பொய் சொன்ன வாயால ஒரு உண்மை சொல்லுங்க.

— என்ட புள்ள மர்லியா மேல சத்தியமாச் செல்றன், அந்த மகன் நேத்துக் கிரிதென்னைக்குப் போனது உண்மை. மழையில நனைஞ்சு என்ட கடையிலதான் கோட்டைக் காயப் போட்ட. நீங்க போங்க தெரேசம்மா. தோணிக்காரன் என்ட ஆள்தான், விடியமுந்தி வந்து நிக்கச் செல்றன். ஒத்தர் ஒத்தரா, சத்தமில்லாமப் போயிட்டு வாங்க, கெடைக்காட்டி ஒருத்தருக்கும் தெரியாது.

— சத்தமில்லாமயா? எங்களுக்கு என்ன திருட்டு வேலையா நானா? கருப்பாயி புருசன் முன்னால தப்பு அடிச்சுக்கிட்டுப் போவாரு. நாங்க வரிசையாப் பின்னால போவோம், வெளுத்த சீலை கட்டி, கத்திய இடுப்புல சொருகி. ஆத்துக்கு இந்தப் பக்கம் ரெண்டு வருசமா சும்மா அடிச்ச தப்பு, நாளைக்கு அந்தப் பக்கம் நெசமா அடிக்கட்டும். மாதோலை ஆளுங்க பிச்சைக்கு வரல, வேலைக்கு வந்திருக்காங்கன்னு அந்த மலை முழுக்கக் கேக்கட்டும்.

— மாஷா அல்லாஹ். இந்தாங்க, ஒரு கொத்து அரிசி. வீட்டுல மூட்டையா ஈக்கி எண்டு எனக்குத் தெரியும், இது என்ட அரிசி எப்பிடி எண்டு ருசி பாத்துச் செல்லத்தான். பசியோட கத்தி புடிச்சாக் கை நடுங்கும்.

— ருசி பாத்துச் சொல்றேன் நானா. நல்லா இருந்தாத்தான் அடுத்த மாசம் வாங்குவேன், சொல்லிட்டேன். கிளாக்கரய்யா, இதுல ஒரு முத்திரை குத்திக் குடுங்க. போன வருசம் வந்தவரு கடுதாசியில உருண்டையா ஒரு முத்திரை இருந்துச்சு.

— முத்திரை... வேணாம்க்கா. கையப் பாத்தே எடுப்பாரு.

— எனத்துக்கு வேணாம் மகன்? ஒங்கட பையில எப்பவும் ஈக்குமே அந்த மரக்கட்டை. முந்தி ஆபீஸ் சைக்கிள்ல வருவீங்க, இப்ப அதையும் காணல்ல, பஸ்ஸுலயும் நடையிலயும் வாறீங்க. ஒங்கட உம்மா கேகாலைக் கோயில்ல மெழுகுதிரி கொளுத்தி "என் மகன் அரசாங்கத்துக் கிளாக்கர்" எண்டு ஊர் முழுக்கச் செல்றா. அரசாங்கம் இப்பிடியா ஒங்களை நடக்க வைக்கிற?

— நல்லாக் கேட்டீங்க நானா. காலையில இருந்து இவரு ஒரு வாய் தேத்தண்ணி குடிச்ச மாதிரித் தெரியல. அய்யா, நாங்க எங்க வீட்டுக் கதவைத் தொறந்தாச்சு, இனி மூட ஒண்ணும் இல்ல. இப்ப நான் கேக்குறேன், ரோசப்படாமச் சொல்லுங்க. ஒங்க வீட்ல எத்தனை கை இருக்கு, அதுக்கு என்ன வேலை தெரியும்?

— ரெண்டு கைதான் தெரேசக்கா, எழுத மட்டும் தெரியும். எங்க ஆபீசைப் பூட்டி என்னையும் வீட்டுக்கு அனுப்பி மூணு கிழமை ஆச்சு, அம்மாவுக்குக்கூடச் சொல்லல. தெனமும் விடிஞ்சா இந்தக் கோட்டை மாட்டிக்கிட்டு நானும் ஒங்கள மாதிரி வெறும் தப்புத்தான் அடிச்சுக்கிட்டுத் திரியுறேன்.